மாப்பிள்ளையின் அம்மா சொன்ன தடை

தேவகிருபை சிஸ்டர் அதிர்ந்துபோய் ஆம்பூரில் ஒருவரும் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டரிலேயே தலை நரைத்தவள். புதிதாக வந்த டாக்டர் பையன் ரத்தத்தைப் பார்த்துக் கிறுகிறுத்து விழுந்தால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாள். பெரிய டாக்டருக்குக் கத்தரிக்கோலை நீட்டிவிட்டு, "அவர யாராவது வெளிய இழுத்துப் போடுங்க" என்பாள். தெருவில் போகும் பெண்ணின் நடையைப் பார்த்தே மூணு மாசம் என்று சொல்லிவிடுவாள். அந்தப் பெண்ணுக்கே அது இன்னும் தெரிந்திருக்காது. தன் கண்ணில் படாமல் இந்த ஊரில் எதுவும் நடக்காது என்று உறுதியாக நம்பிக்கொண்டிருந்தாள். 2005 மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயந்தரம் வரைக்கும் அந்த நம்பிக்கைக்கு ஆயுசு இருந்தது.

அவள் புருஷன் ஞானசீலன் பள்ளிக்கூட வாத்தியார். வகுப்பில் நாள் பூராவும் பேசிவிடுவதால் வீட்டில் பேசுவதற்கு மிச்சம் வைக்காதவர். ஒரே பையன் ஜெஸ்டன், ஷூ கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவன். வயது இருபத்தெட்டு.

அதே கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் இருந்தவன் ஜீவா. தொண்ணூற்றெட்டில் ஜீவா வெட்டிய தோல் துண்டுகளை ஜெஸ்டன் ஒரே நாளில் கூடையோடு ரிஜெக்ட் செய்துவிட்டான். ஜீவா அந்தக் கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து அவன் மேஜைமேல் கவிழ்த்து, "எந்த இடத்துல தப்பு, காட்டு" என்று நின்றான். ஜெஸ்டன் ஒவ்வொரு துண்டாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். டீ வேளை போய், சாப்பாட்டு வேளையும் போயிற்று. மறுநாளிலிருந்து இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தார்கள்.

அப்படி ஒட்டிக்கொண்டவன் வீட்டுக்கும் வந்து சேர்ந்தான். வந்தவன் சும்மா இருந்தானா? சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சரி செய்தான், சிலிண்டர் மாட்டினான். தேவகிருபைக்கே பித்தப்பையில் கல் வந்து, ஆயுசு பூராவும் நோயாளிகளை அதட்டியவள் நோயாளியாகப் படுத்தபோது, தையல் பிரிக்கும்வரை கஞ்சி கொண்டுவந்து கொடுத்தவன் ஜீவாதான். பெற்ற பையன் ஊசியைப் பார்த்ததும் வராந்தாவுக்கு ஓடிவிட்டான். அவள் வைக்கும் மீன் குழம்பை ஜீவா சட்டியோடு வழித்துச் சாப்பிடும்போதெல்லாம் தேவகிருபை மனசு நிறைந்து சொல்வாள்: "நீ மட்டும் பொண்ணா பொறந்திருந்தா, உன்னத்தாண்டா மருமவளா எடுத்திருப்பேன்."

அவள் அதைச் சொல்லும்போதெல்லாம் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். பசங்களுக்குக் கூச்சம் என்று நினைத்துக்கொண்டாள். நடையைப் பார்த்து மூணு மாசம் சொல்கிறவளுக்கு, வீட்டுக்குள் ஏழு வருஷமாக நடப்பது புலப்படவில்லை.

ஜெஸ்டனுக்குப் பெண்ணையும் அவளேதான் பார்த்து முடித்தாள். அதே சபையைச் சேர்ந்த ஜெனிஃபா. டீச்சர் வேலை, அடக்கமான பேச்சு, நல்ல குடும்பம். "பிடிச்சிருக்காடா?" என்று கேட்டதற்கு ஜெஸ்டன், "உன் இஷ்டம்மா" என்றான். கல்யாண வேலை மொத்தத்தையும் ஜீவா இழுத்துப் போட்டுக்கொண்டான். மண்டபம் பிடித்ததும் அவன்தான், பிரியாணிக்கு அப்துல் கரீம் பாயைப் பேசி வைத்ததும் அவன்தான். ஆள் மட்டும் நாளுக்கு நாள் வற்றிக்கொண்டே வந்தான். பாவம், அலைச்சல் ஜாஸ்தி என்று தேவகிருபை அவனுக்குத் தினமும் முட்டை அவித்துக் கொடுத்தாள்.

அவர்கள் சபையில் ஒரு கல்யாணம் நடக்க வேண்டுமென்றால் அதற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை படிக்க வேண்டும். ஆராதனை நடுவில் போதகர் எழுந்து, இன்னாருடைய மகனுக்கும் இன்னாருடைய மகளுக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை இருக்கிறது என்று அறிந்தவர்கள் சொல்லலாம் என்று வாசிப்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். யாரோ எப்போதோ தடை சொன்னதாகப் பெரியவர்கள் கதை சொல்வார்களே தவிர, கண்ணால் பார்த்தவர் கிடையாது. ஜெஸ்டனுக்கும் ஜெனிஃபாவுக்கும் இரண்டு ஓலை படித்தாகிவிட்டது. மறுநாள் மூன்றாவது.

அந்தச் சனிக்கிழமை சாயந்தரம் ஜீவா ஒரு அட்டைப் பெட்டியோடு வந்தான். மாப்பிள்ளைக்குத் தன் கையாலேயே வெட்டி, தைத்து, அச்சில் ஏற்றி ஒரு ஜோடி கறுப்பு ஷூ செய்திருந்தான். தேவகிருபை காபி கொண்டுபோனபோது ஜெஸ்டன் கட்டிலில் உட்கார்ந்திருந்தான். ஜீவா தரையில் மண்டியிட்டு அவன் காலில் ஷூவை மாட்டி நாடா கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னாடா, கால் கடிக்குதா?" என்றாள் தேவகிருபை.

ஜீவா நாடாவை இழுத்து இறுக்கினான்.

"கடிச்சா வேற போட்டுக்கலாமேடா. ஷூவுக்குப் போய் ரெண்டு பேரும் அழறீங்க?"

ஜீவா எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஜெஸ்டன் ஒரு நாடா கட்டியும் ஒரு நாடா கட்டாமலும் நின்றான். "ஷூ சரியாத்தாம்மா இருக்கு. எனக்கு இவன்தாம்மா வேணும். ஏழு வருஷமா இவன்தான்."

"இவன் வேணும்னா வச்சுக்கயேன். கல்யாணத்துக்கு அப்புறம் வரவேணாம்னு யார் சொன்னா?"

"அப்டி இல்லம்மா. நீயும் டாடியும் மாதிரி."

காபி டம்ளர் கையில் இருந்து நழுவியது. ஆயிரம் ஆபரேஷனில் ஒரு ஊசியைத் தவறவிடாத கை அது. தேவகிருபை உட்கார இடம் தேடி, கட்டிலில் உட்காராமல், ஷூ வந்த அட்டைப் பெட்டிமேல் உட்கார்ந்தாள். அது நசுங்கியது.

"உன் இஷ்டம்னு சொன்னியேடா!" என்றாள் கடைசியில்.

"உங்கிட்ட சொல்ல தைரியம் இல்லம்மா. நீ இப்பவும் கட்டிக்கோன்னா கட்டிக்கிறேன்." பிறகு அவனுக்கு எங்கிருந்தோ ஒரு துணிச்சல் வந்தது. "நீயேதான சொன்ன, இவன மருமவளா எடுத்திருப்பேன்னு?"

"பொண்ணா பொறந்திருந்தான்னு சொன்னேண்டா பாவி!"

முன் அறையில் ஞானசீலன் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். அவள் மூச்சு வாங்கப் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள். அவர் சிவப்புப் பேனாவை மூடி வைத்தார்.

"தெரியும்" என்றார்.

"இன்னா தெரியும்?"

"ரெண்டு வருஷமா தெரியும். கேட்டேன், சொன்னான்."

பையன் சொன்னதைவிட இதுதான் அவளைப் பலமாகத் தாக்கியது. ஊருக்கே கண்ணாக இருந்தவளுக்குச் சொந்த வீட்டில் கண் இல்லாமல் போயிற்று. உலகம் அறியாத வாத்தியாருக்குத் தெரிந்திருக்கிறது! "தெரிஞ்சுமா பொண்ணு பாக்க என்கூட வந்து பஜ்ஜி சாப்ட்டீங்க?" என்று கத்தினாள்.

"நீ பாத்துப் பாத்து முடிச்ச. நிறுத்துன்னு சொல்ல எனக்கும்தான் தைரியம் வரல" என்றார் அவர்.

தேவகிருபை அழுதாள், வைதாள், ஜெபம் பண்ணினாள். பிறகு எல்லாத் தாய்மாரும் எடுக்கும் முடிவையே எடுத்தாள். கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகப் போய்விடும். ஜீவாவைக் கூப்பிட்டு, "இனிமே இந்தப் படி ஏறாத" என்றாள். அவன் தரையில் சிந்தியிருந்த காபியைத் துடைத்துவிட்டுத்தான் போனான்.

மறுநாள் ஆலயத்தில் போதகர் மூன்றாம் ஓலையை எடுத்தார். தேவகிருபை பட்டுப்புடவையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன் வரிசையில் ஜெனிஃபா. பெயர் வாசிக்கப்படுகிறதே என்ற வெட்கத்தில் அந்தப் பெண் தலை குனிந்ததும், பின்கழுத்தில் கனகாம்பரம் ஒரு பக்கமாகச் சரிந்தது. தேவகிருபை சரிசெய்துவிடக் கையை நீட்டினாள். நீட்டிய கை அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரிக்கு வந்த சில பெண்கள் அவள் நினைவில் எழுந்தார்கள். குழந்தை இல்லை என்று மாமியார் கையைப் பிடித்து இழுத்துவந்த பெண்கள். மாமியாரை வெளியே அனுப்பியபிறகு, சிஸ்டரின் காதில் மட்டும், "அவரு என்னத் தொட்டதே இல்ல சிஸ்டர்" என்று சொன்னவர்கள். ஒவ்வொரு முறையும் வெளியே உட்கார்ந்திருக்கும் அந்த மாமியாரை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டியிருக்கிறாள்! அடுத்து வெளியே உட்காரப்போகும் மாமியார் யார் என்று அப்போது அவளுக்குப் புரிந்தது.

"...தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம்" என்று முடித்த போதகர், வழக்கம்போலப் பக்கத்தைப் புரட்டினார்.

"தடை இருக்கு" என்றாள் தேவகிருபை.

எழுந்து நின்றதே அவளுக்குத் தெரியாது. ஆலயம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஆர்மோனியக்காரர் பயத்தில் ஒரு கட்டையை அழுத்திவிட்டார். அது தனியாக ஊளையிட்டு ஓய்ந்தது. போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார்.

"சகோதரி, நீங்க மாப்பிள்ளையோட அம்மா."

"அதனாலதான் ஐயா சொல்றேன்."

போதகர் அறையில் ஜெனிஃபாவின் அப்பா கொதித்தார். தேவகிருபை ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னாள்: குறை முழுக்க எங்கள் பக்கம், பெண் தங்கம், என் பையன் அவளுக்கு நல்ல புருஷனாக இருக்க மாட்டான். என்ன குறை என்று எவ்வளவோ கேட்டுப் பார்த்தார்கள். வாயைத் திறக்கவில்லை. சீர் போதவில்லை என்று பேராசைக்காரி நிறுத்திவிட்டாள் என்று ஊர் பேசிக்கொண்டது. அதையும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

அன்று ஆலய வாசலில் ஜெனிஃபா தனியாக வந்து அவள் கையைப் பிடித்தாள். கண் சிவந்திருந்தது. "ஆன்ட்டி, எனக்குக் கோவம் இருக்கு. ஆனா தேங்க்ஸ். அவரு எங்கிட்ட போன்ல பேசனதெல்லாம் ஜீவா அண்ணனப் பத்தி மட்டும்தான். ஜீவாவுக்கு இது பிடிக்கும், ஜீவாவுக்கு அது ஆவாது. நான் யாரக் கட்டிக்கப்போறேன்னு எனக்கே டவுட்டா இருந்துச்சு."

இவளுக்கும் தெரிந்திருக்கிறது. தேவகிருபை ஆட்டோ ஏறினாள்.

தடை சொன்னாள் என்பதற்காக அவள் ஒப்புக்கொண்டாள் என்று நினைக்க வேண்டாம். "அந்தப் பொண்ணுக்காக நின்னேன். உங்களுக்காக இல்ல" என்று ஜெஸ்டனிடம் முகத்தில் அடித்த மாதிரிச் சொல்லிவிட்டாள். அவன் அந்த வாரமே பெட்டியைக் கட்டிக்கொண்டு நாட்றம்பள்ளியில் ஜீவாவின் வீட்டுக்குப் போய்விட்டான். அங்கிருந்து இரண்டு பேரும் பஸ்ஸில் வேலைக்கு வந்து போனார்கள். தெருப்பக்கத்து ஜன்னலைத் தேவகிருபை அடைத்து வைத்தாள். எதிர்வீட்டுக்காரிகள் எட்டிப் பார்த்து விசாரிப்பதற்குப் பதில் சொல்லி மாளவில்லை.

குழாய் மறுபடி சொட்ட ஆரம்பித்தது. வேறு ஆளைக் கூப்பிட மனசு வரவில்லை. பழக்கதோஷத்தில் சனிக்கிழமை மீன் நிறைய வாங்கிவிடுவாள். குழம்பு வைத்தபிறகுதான் சாப்பிட ஆளில்லை என்பது உறைக்கும். பெற்ற பிள்ளையை நினைத்து அழ உட்கார்ந்தால் ஜீவாவை நினைத்தும் சேர்த்தே அழுகை வந்தது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது என்று அதற்கும் ஒரு பாட்டம் அழுதாள். ஞானசீலன் ஞாயிறு சாயந்தரமானால், "காலாற நடந்துட்டு வர்றேன்" என்று கிளம்பிப்போய், விளக்கு வைத்து வெகு நேரம் கழித்து வெற்றிலைச் சிவப்போடு திரும்புவார். அவருக்கு வெற்றிலை போடும் பழக்கமே கிடையாது. ஒருநாள் அவர் சட்டைப்பையில் நாட்றம்பள்ளி பஸ் டிக்கெட் இருந்தது. தேவகிருபைக்கு அதிர்வதற்குக்கூடத் தெம்பில்லை.

ஆவணி பிறந்ததும் ஜீவாவின் அப்பா கன்னியப்பன் வந்தார். தோல் பதனிடும் ஷாப்பில் டிரம் ஓட்டுகிறவர். மனைவியை இழந்து தனியாகப் பையனை வளர்த்தவர். வெற்றிலைப் பாக்குத் தட்டோடு வாசலிலேயே நின்றார்.

"வர்ற ஞாயித்துக்கெழம வீட்டுல பசங்களுக்கு மாலை மாத்தி வுடப்போறேன் சிஸ்டரம்மா. சட்டத்துல எடமில்ல, உங்க கோயில்லயும் எடமில்ல, எங்க கோயில்லயும் எடமில்ல. என் வீட்டுல எடமிருக்கு. நீங்க வரணும்."

"உங்களுக்கு வெக்கமா இல்லையா?" என்று கேட்டுவிட்டாள்.

கன்னியப்பன் யோசித்தார். "இருந்துச்சும்மா. தோல் ஷாப்புல சேந்த புதுசுல நாத்தம் தாங்காம வாந்தி எடுத்தேன். இப்ப அங்கயே ஒக்காந்து சோறு துன்றேன்." அவள் முகம் மாறியதைப் பார்த்துப் பதறினார். "பசங்கள நாத்தம்னு சொல்லலம்மா! என் வெக்கத்தத்தான் சொல்றேன். விஷயம் தெரிஞ்சன்னிக்கி பெல்ட்ட கழட்டி அவன அடிச்சேன். அத்தனையும் வாங்கிக்கினு, 'சாப்ட்டியா நைனா'ன்னு கேட்டான். அதுக்கு மேல எப்டிம்மா அடிக்கிறது?"

தேவகிருபை தட்டை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

போய்ப் பையனைக் கையோடு இழுத்து வந்துவிட வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினாள். ஞானசீலன் வழி கேட்காமலே சந்து சந்தாகத் திரும்பி நடந்தார். வீட்டுக் கொல்லையில் அப்துல் கரீம் பாய் பிரியாணிக்குத் தம் போட்டுக்கொண்டிருந்தார். "வாங்க சிஸ்டர். அன்னிக்கி வுட்டுப்போன பிரியாணி" என்று சிரித்தார். ஆக, பாய்க்கும் தெரியும். கம்பெனி ஆட்கள் ஐந்தாறு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். ஜெஸ்டன் அந்தக் கறுப்பு ஷூவைப் போட்டிருந்தான். அம்மாவைப் பார்த்ததும் அவன் முகம் வெளுத்தது. ஜீவா மட்டும் பழக்கத்தில் ஒரு நாற்காலியைத் துடைத்து மின்விசிறிக்குக் கீழே அவளுக்காகப் போட்டான். அவளுக்கு வேர்வை ஆகாது என்பது அவனுக்குத் தெரியும்.

கன்னியப்பன் சம்பந்தியை மதித்து, "உங்க வழக்கப்படி வாத்தியார் ஒரு ஜெபம் பண்ணட்டும்" என்றார். ஞானசீலன் எழுந்தார். சபையில் எத்தனையோ கல்யாணம் பார்த்தவரின் வாய், ஜெபத்தோடு நிற்கவில்லை. "...இவர்கள் இணைக்கப்படத் தடை உண்டென்று அறிந்தவர்கள்—" என்று போய்விட்டு, சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

எல்லாத் தலையும் தேவகிருபை பக்கம் திரும்பியது. தடை சொல்வதில் அவளுக்கு இருந்த பேர் நாட்றம்பள்ளி வரைக்கும் எட்டியிருந்தது.

தேவகிருபை எழுந்து நின்றாள். ஜெஸ்டன் கையிலிருந்த மாலையை இறக்கினான்.

"தடை இருக்கு" என்றாள்.

"அம்மா..." என்றான் ஜீவா. ஏழு வருஷமாக அவன் அவளை அப்படித்தான் கூப்பிட்டான். இழுத்துப் போகத்தான் வந்தாள். ஆனால் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டதும் நெஞ்சு இளகிப்போயிற்று.

"ஓலை படிச்சீங்களா?" என்று அதட்டினாள். யாருக்கும் புரியவில்லை. "மூணு ஞாயித்துக்கெழம ஓலை படிக்காம எங்க வீட்டுல யாருக்கும் கல்யாணம் ஆனதில்ல. இன்னாடா இது, திருட்டுத்தாலி கட்டற மாதிரி? யாரக் கேட்டு மாலை வாங்கனீங்க?"

அதிர்ச்சி அடையும் முறை இப்போது மற்றவர்களுடையது. பிரியாணி என்னாவது என்று கொல்லையிலிருந்து அப்துல் கரீம் பாய் குரல் கொடுத்தார். "பிரியாணிய சாப்டலாம் பாய். கல்யாணம் மூணு ஓலைக்கு அப்புறம். என் வீட்டுல" என்றாள் தேவகிருபை. சொன்னபிறகு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆலயத்தில் படிக்க மாட்டார்கள் என்பதால் சாப்பாட்டு மேஜையில் படிப்பதென்று ஆயிற்று. முதல் ஞாயிறு கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, ஞானசீலன் கிசுகிசுவென்று வாசித்தார். தேவகிருபை இரண்டாவது பெயர் வந்தபோது எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். இரண்டாம் ஞாயிறு உட்கார்ந்து கேட்டாள். கேட்டு முடித்ததும் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். ஜீவா குழாயைச் சரி செய்துவிட்டுப் போனான்.

மூன்றாம் ஞாயிறு ஆராதனை முடிந்து தெரு முழுக்க ஆட்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மேஜையில் மீன் குழம்பு. கன்னியப்பன் இருந்தார், இரண்டு பையன்களும் இருந்தார்கள். ஞானசீலன் மெல்லத் தொண்டையைக் கனைத்தார்.

"இருங்க" என்றாள் தேவகிருபை. போய்த் தெருப்பக்கத்து ஜன்னலின் தாழ்ப்பாளை இழுத்தாள். மாதக்கணக்கில் அடைந்து கிடந்தது திறக்க மறுத்தது. ஜீவா எழுந்து வந்து ஒரு தட்டுத் தட்ட, இரண்டு கதவும் விரியத் திறந்தன. எதிர்வீட்டுக்காரி பைபிளும் கையுமாக நின்று பார்த்தாள்.

"ம்மா, வேணாம்மா" என்றான் ஜெஸ்டன். "ஊரே கேக்கும்."

"ஓலைன்னா ஊர் கேக்கணும்டா. இன்னாங்க, சத்தமா படிங்க."

அவளுக்கு நாளைக்கு ஆஸ்பத்திரியில் என்ன பேசுவார்கள், சபையில் இடம் இருக்குமா என்பதெல்லாம் ஒன்றுவிடாமல் தெரிந்தது. நாற்காலியில் உட்கார்ந்து அதன் இரண்டு கைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். ஞானசீலன் வகுப்பறைக் குரலில் வாசித்தார். ஞானசீலன், தேவகிருபை ஆகியோரின் மகன் ஜெஸ்டனுக்கும், கன்னியப்பனின் மகன் ஜீவாவுக்கும். தெருவில் யாருடைய சைக்கிளோ நின்றது. இது மூன்றாம் முறை. தடை உண்டென்று அறிந்தவர்கள் இப்போதே தெரிவிக்கலாம்.

மேஜையைச் சுற்றியிருந்த யாரும் ஜன்னலைப் பார்க்கவில்லை. தேவகிருபையைத்தான் பார்த்தார்கள்.

அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னாத்துக்கு எல்லாரும் என்னையே பாக்கறீங்க?" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜீவா, தட்ட நீட்டு. கொழம்பு ஆறுது."